சிவப்பு இருக்கும்வரை

தம்பி ஐசக் ஆடுகளை விற்கப் போகிறான் என்ற செய்தியை மாவிஸுக்குக் கொண்டுவந்தவன் அவள் புருஷன் கிளிஃப். செருப்பு ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு திங்கட்கிழமைகளில் அவனுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கெண்டல் ஊர் ஆட்டு ஏலச்சந்தைக்குப் போவான். வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பான், பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவான். அன்றைக்கு மாவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து வரும்வரை தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"உன் தம்பி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிக்கல்சன்கிட்ட கையடிச்சுக் குடுத்துட்டானாம்."

"எதுக்கு?"

"ஆட்டுக்கு. மொத்த ஆட்டுக்கும். ஒரு கிழட்டு ஆடுகூட மிச்சம் வைக்கலயாம். வர்ற சனிக்கிழமை நிக்கல்சன் வந்து அவன் சாயத்தைப் போட்டுக்கிறானாம்."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லல? சந்தையே சொல்லுது." கிளிஃப் குரலைத் தாழ்த்திக்கொண்டான், சுவருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "புரியுதா மாவிஸ்? சனிக்கிழமை சாயங்காலம் ரேவன்பெக் பண்ணை உனக்கு."

மாவிஸ் காலணியைக் கழற்றி, வீங்கிய கால்களை நாற்காலிச் சட்டத்தில் தூக்கி வைத்தாள். காலையிலிருந்து முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த கை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே.

அவள் அப்பா வில்ஃப்ரட் கஸ்கார்த் யாரையும் முழுசாக நம்பாத மனுஷர். தன் நாயைக்கூடப் பாதிதான் நம்புவார். அவர் எழுதிவைத்த உயிலும் அப்படித்தான் இருந்தது. ரேவன்பெக் வீடும் நிலமும் மகன் ஐசக்குக்கு. ஆனால் அவன் காலத்தில் எப்போதாவது கஸ்கார்த் வீட்டுச் சிவப்புப் பட்டை போட்ட ஆடு மலையில் ஒன்றுகூட இல்லாமல் போனால், அன்றிலிருந்து எல்லாம் மகள் மாவிஸுக்கு. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒருவர் பின் ஒருவராக ஆடுகளை விற்றுவிட்டு ஊசியிலை மரம் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. மகனும் அப்படிச் செய்துவிடுவான் என்று கிழவருக்குப் பயம். மகனுக்கு மகளைக் காவல் வைத்தார். அந்தக் காவலுக்குக் கூலியாக மகளுக்கு ஓர் ஆசையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார்.

அந்த ஆசையைத் தின்று வளர்ந்தவன் கிளிஃப்தான். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் எல்லாக் காரியமும் 'அது வந்ததும்' என்றே பேசப்பட்டது. அது வந்ததும் சன்னல்களை மாற்றலாம். அது வந்ததும் நீ வேலையை விட்டுவிடலாம். அது வந்ததும் மோர்கம் பக்கம் கடல் தெரிகிற மாதிரி ஒரு சின்ன வீடு. முதல் சில வருஷங்கள் மாவிஸும் கூடச் சேர்ந்து கனவு கண்டாள். பிறகு வெறுமனே தலையாட்டினாள். அப்புறம் அதையும் நிறுத்திவிட்டாள்.

ஆடுகள் மலையை விட்டுப் போகப்போவதில்லை. அந்த மலையில் வேலி கிடையாது. தாய் மேய்ந்த இடம் எதுவோ அதுதான் குட்டிக்கும் இடம். விற்றாலும் வாங்கினாலும் ஆடு அங்கேயேதான் கிடக்கும். நிக்கல்சனின் பண்ணை அதே மலைக்கு மறுபக்கம். முதுகில் இருக்கிற சிவப்புப் பட்டை நீலமாக மாறும், அவ்வளவுதான். கடைசி ஆட்டின் முதுகில் நீலம் ஏறுகிற நிமிஷத்தில் ரேவன்பெக் வீடு, கொட்டகை, கற்சுவர், கணப்படுப்பு எல்லாம் ஐசக்கிடமிருந்து நழுவி மாவிஸிடம் வந்துவிடும். இது ஐசக்குக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கையடித்திருக்கிறான். அது ஏன் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

புதன்கிழமை பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வக்கீல் லாங்மயரைப் பார்க்கப் போனாள். அப்பா காலத்து வக்கீலின் மகன் இவர். இவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

"சட்டம் ரொம்ப நேராத்தான் சொல்லுது மிசஸ் பெல்," என்றார். "இன்னிக்கு ரேவன்பெக் உங்க தம்பியோடது. உங்ககிட்ட இருக்கிறது நிலமில்ல. ஒண்ணு நடந்தா நிலம் உங்களுக்கு வரும்ங்கிற உரிமை. இனிமே நிறைவேற வேண்டியதுன்னு நாங்க சொல்வோம். நடக்கலைன்னா அது கடைசிவரைக்கும் அப்படியே நிக்கும்."

"அந்த ஆட்டு பேரம்?"

"அதுவும் அதே ரகம்தான். கையடிச்சாச்சு, ஆனா ஆடும் கைமாறல, பணமும் கைமாறல. ரெண்டு பக்கமும் இப்ப வெறும் வார்த்தைதான் இருக்கு. செய்ய வேண்டியது பாக்கி."

"எங்க குடும்பத்துல எல்லாமே அந்த ரகம்தான் போல," என்றாள் மாவிஸ். வக்கீல் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்தப் பேரத்தை நிறுத்த முடியுமா?"

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா நிறுத்தலாம். அவர் இவரை விட்டுடணும், இவர் அவரை விட்டுடணும். ஒருத்தரா முடியாது."

"என்னோடது?"

"உங்களோடதை நீங்க ஒருத்தரே விட்டுக் குடுக்கலாம். ஒரு பத்திரம், உங்க கையெழுத்து, பக்கத்துல ஒரு சாட்சி. அதுக்கப்புறம் மலையில ஆடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, இடம் உங்க தம்பியோடதுதான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "பொதுவா யாரும் அதைக் கேக்கிறதில்ல."

"நானும் கேக்கல. தெரிஞ்சு வச்சுக்கத்தான்."

மறுநாள் ரேவன்பெக்குக்குப் போனபோது மழை படுக்கைவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் மழை மேலிருந்து கீழே விழுவது அபூர்வம். ஐசக் கதவைத் திறந்து நின்றான். ஒரு கையில் தடி. இன்னொரு கை நிலைப்படியைப் பிடித்திருந்தது. கறுப்பு நாய் ஜெட் அவன் காலுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தது.

"கிளிஃப் அனுப்பினானா?"

"நானாத்தான் வந்தேன்."

"அளவெடுத்துக்க. அந்தச் சன்னலோரம் ஈரம் இறங்குது. வாங்க வர்றவன் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பான்."

"வாயை மூடிட்டு டீ போடு."

சமையலறை சுத்தமாகத்தான் இருந்தது. பார்த்தால் பாவமாக இருக்கிற சுத்தம். ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கரண்டி. மாவிஸ் ரொட்டியை வெட்டி, கிண்ணத்தில் உறைந்திருந்த மாட்டுக்கொழுப்பைத் தடவி, உப்புத் தூவிக் கொடுத்தாள். அவன் நின்றுகொண்டே தின்றான். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம்.

"இப்ப சொல்லு. ஏன்?"

"இடுப்பு."

"இடுப்பு இன்னிக்கு நேத்தா வலிக்குது? வேற சொல்லு."

ஐசக் கணப்படுப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றான்.

"போன வசந்தத்துல, குட்டி போடற சமயம். பனி விழுந்துக்கிட்டு இருக்கு. மேல சுவரோரமா ஒருத்தி கிடக்கா. குட்டி தலை மட்டும் வெளிய வந்திருக்கு. இங்க முற்றத்துல இருந்தே தெரியுது எனக்கு. கையை விட்டு இழுத்தா ரெண்டும் பொழைக்கும். நான் போகல மாவிஸ். நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இடுப்பு வலியில இல்ல. அன்னிக்கு இடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு. போகணும்னு தோணல."

தம்பி இதை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான் என்று மாவிஸுக்குத் தெரிந்தது.

"ரெண்டும் செத்துப்போச்சு," என்றான். "ஆடு வளக்கிறவன் அப்படி நிக்கக்கூடாது. நின்னுட்டான்னா அவன் விட்டுடணும்."

"அப்ப என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? சேந்து கையெழுத்துப் போட்டு இடத்தை வித்திருக்கலாம். ஆளுக்குப் பாதி."

"அதைத்தான் என்னால முடியல. அப்பா குடுத்த இடத்தை ஐசக் வித்தான்னு இருக்கக்கூடாது. ஆடு போச்சு, உயிலே இடத்தை எடுத்துக்கிச்சுன்னா யாரும் என்னைக் கேக்க முடியாது. நானா குடுக்கல, அதுவா போச்சு."

"அதுவா போயி என்கிட்ட வரும். அப்புறம் நான் விப்பேன்."

"வித்துக்க."

"கஸ்கார்த் வீட்டு இடத்தை மாவிஸ் வித்துட்டான்னு ஊர் பேசும். நீ சர்ச்சுல முன்னாடி வரிசையில உக்காந்து, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு பாட்டுப் பாடிக்கிட்டு இருப்ப. நல்லா யோசிச்சிருக்கடா."

ஐசக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என்னிக்குடா முன்னாடி வரிசையில உக்காந்தேன்," என்று நாயிடம் கேட்டான்.

"சிரிக்காத. அப்புறம் நீ எங்க இருப்ப?"

சிரிப்பு நின்றது. "அதான்… பின்னாடி அறை ஒண்ணு சும்மாதானே கிடக்கு. நீ எடுத்துக்கிட்டாலும், அதுல ஒரு ஓரமா…"

"இதை வித்து கடலோரத்துல வீடு வாங்கணும்னு இருக்கான் கிளிஃப். எத்தனை அறைங்கிறதுகூட முடிவாயிடுச்சு."

"எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு எங்களுக்கு. இன்னொண்ணு அவன் செய்ற கப்பல் பொம்மைங்களுக்கு."

"ம்," என்றான் ஐசக். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரண்டியையும் கழுவினான். பிறகு முதுகைக் காட்டியபடியே கேட்டான்: "சனிக்கிழமை மலையில இருந்து ஆட்டை இறக்கணும். என்னால ஏற முடியாது. நிக்கல்சன் அவன் பக்கத்தைப் பாத்துக்குவான். நம்ம பக்கத்துக்கு ஆள் இல்ல. நீ வர்றியா?"

"என்னையா கேக்கற? என்னையே?"

"உனக்குத்தான் அந்தப் பக்கம் தெரியும். வேற யாரைக் கேக்கிறது?"

திரும்பி வரும்போது வண்டிக்குள் மாவிஸுக்குக் கோபம் கோபமாக வந்தது. தம்பி மேல், அப்பா மேல், கிளிஃபின் கப்பல்கள் மேல். ஒவ்வொருத்தரும் தன்னால் செய்ய முடியாததை அவள் தலையில் வைத்துக் கட்டுகிறார்கள். அப்பாவுக்கு மகனைக் கண்டிக்க வாய் வரவில்லை, அவளைக் காவல் வைத்தார். ஐசக்குக்கு விற்க மனம் வரவில்லை, அவளை விற்கச் சொல்கிறான். அந்த வீட்டை விற்றால் தம்பியைத் தெருவில் நிறுத்த வேண்டியதும் அவள்தான். அந்தக் கையெழுத்தும் அவளுடையதாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாங்மயர் அலுவலகத்தில், அவர் சொன்ன அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். தட்டச்சுக்காரப் பெண் சாட்சி. இதைத் தியாகம் என்று யாராவது சொல்லியிருந்தால் மாவிஸ் முகத்தைச் சுளித்திருப்பாள். கடல் தெரிகிற சன்னல் அவளுக்கும் வேண்டியிருந்தது. ஆனாலும் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, பல வருஷமாகக் கையில் பிடித்திருந்த கனமான பையைக் கீழே வைத்த மாதிரி இருந்தது. கிளிஃபிடம் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. மாவிஸ் ஐசக்கின் பழைய மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஜெட்டைக் கூட்டிக்கொண்டு ஓடையோரமாக ஏறினாள். அந்தப் பக்கம் அவளுக்குக் கால்களிலேயே இருந்தது. பாசி படிந்த பாறையில் வழுக்கும், சேற்றில் முழங்கால்வரை இறங்கும், காய்ந்து சிவந்த பெரணிச் செடி இடுப்பைக் கிழிக்கும். ஐம்பத்தொன்பது வயதில் இதெல்லாம் வேடிக்கை இல்லை. மூச்சு வாங்க நிற்கிற இடத்திலெல்லாம் நாய் திரும்பிப் பார்த்தது.

ஆடுகள் பனிக்குள்ளிருந்து இரண்டும் மூன்றுமாக வந்தன. சாம்பல் உடம்பு, வெள்ளை முகம், முதுகில் சிவப்புப் பட்டை. அவள் விசிலடித்தாள். இத்தனை காலம் கழித்தும் விசில் வந்தது அவளுக்கே ஆச்சரியம். ஜெட் வலப்பக்கம் வளைந்து ஓடி, பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கிழட்டு ஆடு ஒன்றைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மறுபக்கத்திலிருந்து நிக்கல்சனின் கூப்பாடு கேட்டது. கொஞ்சங்கொஞ்சமாகச் சரிவு முழுவதும் ஆடுகளாகி, ஒரே ஓடையாகச் சேர்ந்து, சுவர் இடைவெளி வழியே ரேவன்பெக் பட்டிக்குள் இறங்கியது. வாசலில் தடியை ஊன்றி ஐசக் நின்றிருந்தான். ஒவ்வொரு ஆடும் நுழையும்போது எண்ணிக்கொண்டே அவன் உதடு அசைந்தது.

நீலச் சாய டப்பாவையும் நீளக் குச்சியையும் நிக்கல்சன் கொண்டுவந்திருந்தான். அதிகம் பேசாத, கை பெருத்த மனுஷன். அவன் ஆட்டைப் பிடித்து நிறுத்த, மாவிஸ் பழைய சிவப்பின் மேல் நீலத்தை இழுத்தாள். கம்பளி ஈரமாக இருந்ததால் சாயம் ஏற அடம்பிடித்தது. பாதி ஆடுகள் முடிந்ததும் சுவரோரம் உட்கார்ந்து டீ குடித்தார்கள். இனியும் தள்ளிப்போட முடியாது என்று மாவிஸுக்குத் தோன்றியது.

"ஐசக், ஒண்ணு சொல்லணும். நேத்து லாங்மயர்கிட்ட போயி கையெழுத்துப் போட்டுட்டேன். என் உரிமையை விட்டுட்டேன். எல்லா ஆட்டுக்கும் நீலம் போட்டாலும் இந்த இடம் எங்கயும் போகாது. உன்னோடதுதான்."

ஐசக் கோப்பையைக் கீழே வைத்தான். முகம் முதலில் வெளுத்து, பிறகு காதுவரை சிவந்தது.

"யாரு உன்னைக் கேட்டா?"

"யாரும் கேக்கல."

"நான் இதுல இருந்து வெளிய வரணும்னுதானே இதெல்லாம் பண்றேன். இப்ப ஆடும் இல்லாம, வீட்டை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? எனக்கு நீ குடுத்தியா, இல்ல என் தலையில கட்டிட்டியா?"

"ரெண்டும்தான். வச்சுக்க, இல்ல வித்துடு. விக்கிறதா இருந்தா நீயே வித்துக்க. உன் வாயால சொல்லி, உன் கையால பேனாவைப் புடிச்சு. அந்த வேலையை இனிமே நான் பண்ண மாட்டேன். எனக்கு அலுத்துப்போச்சுடா."

நிக்கல்சன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"ஏப்பா ஐசக். நான் இன்னும் பணம் குடுக்கல. பாதி ஆடு இன்னும் சிவப்பாத்தான் நிக்குது. உனக்கு வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லிடு. கையடிச்சது கையடிச்சதுதான், ஆனா நீ என்னை விட்டா நானும் உன்னை விட்டுடறேன். போட்ட சாயம் மழையில கரைஞ்சு போயிடும். மனசுல வச்சுக்க மாட்டேன்."

ஐசக் பட்டியைப் பார்த்தான். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. ஆடுகளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அசைபோட்டுக்கொண்டிருந்தன. வெகு நேரம் பார்த்தான். மாவிஸ் அவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று நினைத்தாள். சொல்லட்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டாள்.

"இல்லப்பா," என்றான் கடைசியில். "இதுங்களுக்கு ஓடிவந்து கையை விடற ஆள் வேணும். அது நான் இல்ல. எடுத்துட்டுப் போ." தடியை ஊன்றி எழுந்தான். "குச்சியைக் குடு மாவிஸ். மிச்சத்தை நான் போடறேன்."

மிச்சத்தை அவன்தான் போட்டான். ஒவ்வொரு ஆட்டுக்கும் குனிந்து நிமிரும்போது பல்லைக் கடித்துக்கொண்டான். யாரும் உதவிக்கு வரவேண்டாம் என்றான். கடைசி ஆட்டின் முதுகில் நீலத்தை இழுத்துவிட்டு, அதை உடனே விடாமல் கழுத்துக் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு விட்டான். பட்டியைத் திறந்ததும் அத்தனையும் பழைய இடத்துக்கே, பழைய வழியிலேயே ஏறிப்போயின.

நிக்கல்சன் போனபின் அக்காளும் தம்பியும் முற்றத்தில் நின்றார்கள். வேலை இல்லாத முற்றம் எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியாது.

"இப்ப என்ன பண்றது?" என்று கேட்டான் ஐசக்.

"போயித் தூங்கு."

"பகல்லயா?"

"பகல்லதான்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி மாடிக்குப் போனான். ஜெட் படிக்கட்டின் கீழே நின்று, மேலே போகலாமா கூடாதா என்று விழித்தது. மாவிஸ் அடுப்பில் கரி போட்டு, கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அவித்து மூடி வைத்தாள். கிளம்பும்போது மேலேயிருந்து குறட்டை கேட்டது.

வீட்டில் கிளிஃப் சட்டை மாற்றி, தலை வாரி, மேசையில் இரண்டு கிளாஸ் எடுத்துவைத்துக் காத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"முடிஞ்சுதா? எல்லாத்துக்கும் போட்டாச்சா?"

"போட்டாச்சு." சேறு படிந்த மேலங்கியுடனேயே அவள் உட்கார்ந்தாள். "ஆனா இடம் நமக்கு வரல கிளிஃப். வராது. நேத்து நான் எழுதிக் குடுத்துட்டேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபோது கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. கிளாஸ் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் இவ்வளவு கிழவனாகிவிட்டது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாவமாக இருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்," என்றான். "இத்தனை வருஷம் மாவிஸ். எதுக்குப் பண்ணினே?"

"அது நமக்கு வந்துட்டா ஐசக் எங்க படுப்பான்? அதுதான்."

கிளிஃப் கிளாஸை மேசையில் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"நான் அதை யோசிக்கவே இல்ல," என்றான். "அந்த வீட்டைப் பத்தி தினம் தினம் யோசிச்சிருக்கேன். அவன் எங்க படுப்பான்னு ஒரு நாள்கூட யோசிக்கல."